முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் வேலை தானாக வந்துவிடும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். இருபது வருடமாக லிங்கராஜபுரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் வேறு எதை நம்புவான்? என்னிடம் கார் கற்றுக்கொண்டவன் காலையில் லைசென்ஸ் வாங்கினால், சாயங்காலம் ஏதாவது ஒரு டாக்ஸிக்காரரிடம் சாவி வாங்கிவிடுவான். பெங்களூரில் டிரைவர் கிடைக்கவில்லை என்று புலம்பக் கேட்டிருக்கிறேன். டிரைவருக்கு வேலை கிடைக்கவில்லை என்று ஒருவரும் என்னிடம் வந்து அழுததில்லை. ஆகவே என் மகள் விமானம் ஓட்டும் லைசென்ஸோடு வீடு திரும்பியபோது நான் யோசித்தது மிகவும் எளிமையாக இருந்தது. கார் தரையில் போகிறது, விமானம் மேலே போகிறது. மற்றபடி இரண்டும் வண்டிதானே.

நம்பியதோடு நிறுத்தியிருந்தால் குற்றமில்லை. நம்பியதை எழுதியும் கொடுத்தேன். அதுவும் எங்கே? சர்ச்சில்.

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. நல்லது ஏதாவது நடந்தால் சின்னக் கவரில் காணிக்கை போட்டு, மேலே காரணத்தை எழுதிச் சபைச் செயலரிடம் கொடுக்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்பு அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பிறந்தநாள், திருமணநாள், பேரன் பிறந்தது, பைக்கிலிருந்து விழுந்தும் எலும்பு முறியாதது, கிட்னியிலிருந்து கல் தானாக இறங்கியது, எல்லாம் வரும். கடைசியாகச் சொன்னதற்குச் சபையே சத்தமாக ஆமென் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

மகள் எழுத்துத் தேர்வு, நேர்முகம், மாதிரி விமானத்தில் உட்கார வைத்து வைக்கும் சோதனை எல்லாவற்றையும் தாண்டிவிட்டாள். ஒரு விமானக் கம்பெனி அவளைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்திருந்தது. அழைக்கும்போது வரவேண்டும் என்று கடிதம். அவ்வளவுதான். நான் கவரின் மேல் எழுதியது: "மகளுக்கு விமானக் கம்பெனியில் பைலட் வேலை கிடைத்தமைக்காக."

கிடைக்கப்போவதைக் கிடைத்துவிட்டதாகவே எண்ணி நன்றி சொல்வது எங்கள் ஜனத்தில் புதிதல்ல. வீட்டு ஜெபக் கூட்டங்களில் வாராவாரம் நடக்கும். அதற்கு விசுவாசம் என்று பெயர். நானும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில் அது பீத்தல். எனக்கு முன்வரிசையில் உட்காருகிறவரின் மகன் கனடா போனதற்கு மூன்று ஞாயிறு தொடர்ந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். மூன்றாவது ஞாயிறு நான் பொறுமை இழந்திருந்தேன்.

செயலர் அண்ணன் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மைக்கை ஒரு மரியாதைக்காகத்தான் பிடித்துக்கொள்வார். அவர் வாசித்ததும் சபை மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் எதிர் வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் டீ கவுண்டரில் என்னைச் சுற்றிக் கூட்டம்.

"நாகர்கோவிலுக்கு டைரக்டா ஒண்ணு விடச் சொல்லுப்பா பாப்பாவ."

"அங்கிள், ஸ்டாஃப் ஃபேமிலிக்கு டிக்கெட் ஃப்ரீயாமே? நாமெல்லாம் ஒரே ஃபேமிலிதானே?"

"மேல போறப்ப நம்ம சர்ச்சுக்கு மேல ஒரு ரவுண்டு அடிக்கச் சொல்லுங்க, கோபுரத்துல காக்கா கூடு இருக்கான்னு பாக்கணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நாகர்கோவிலில் விமான நிலையமே இல்லை. அதற்கும் ஆட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மகள் வாயைத் திறந்தாள்.

"டாடி, வெயிட்டிங் லிஸ்ட்டுக்கும் வேலைக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபார்ம் ஆகறதில்லையா?"

"ஆகாமயும் போகும்ல?"

பின் சீட்டிலிருந்து என் மனைவி சொன்னாள். "அந்தக் கவர்ல என் பேரையும் சேத்து எழுதியிருந்தீங்களா?"

"ஆமா."

"அடுத்த தடவ உங்க பேர மட்டும் எழுதுங்க."

சரியாகப் பத்து நாள். மகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தற்போதைய சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு சேர்க்கை ஒத்திவைக்கப்படுகிறது, புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும். அதே வாரத்தில் இன்னொரு கம்பெனி தன் விமானங்களை மொத்தமாக இறக்கி நிறுத்திவிட்டது. வாடகைக்கு எடுத்த விமானங்களை எல்லாரும் திருப்பிக் கொடுக்கிறார்கள், எஞ்சின் பாகம் கிடைக்காமல் பாதி நிற்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். நான் அதுவரை விமானச் செய்தி பார்த்தவன் இல்லை. அன்றிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். எண்ணெய் விலை ஏறினால் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். டில்லியில் மூடுபனி என்றால் லிங்கராஜபுரத்தில் நான் கழிவறைக்குப் போனேன்.

இங்கே என் வலது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்கிறவர் வலப்பக்கம் ஸ்டியரிங்கோடு உட்காருவார். இடப்பக்கம் நான். என் காலடியிலும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும். அவர்கள் தவறு செய்யும் நொடியில் நான் மிதித்துவிடுவேன். இருபது வருடம் மிதித்து மிதித்து, பயம் வந்தால் என் வலது கால் தானாக அழுந்திக்கொள்ளும். பஸ்ஸில் உட்கார்ந்தால் அழுத்தும். தொலைக்காட்சியில் லாரி வந்தால் அழுத்தும். பல் டாக்டரின் நாற்காலியில் அழுத்தி, கால் வைக்கும் பலகையை ஒருமுறை உடைத்திருக்கிறேன். அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையடியில் என் கால் எந்நேரமும் மிதித்தபடியே இருந்தது. என் எதிரில் உட்கார்ந்திருந்த மனைவியின் செருப்பு எத்தனை தடவை நசுங்கியது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரியாத ஒன்றை மகள்தான் விளக்கினாள். அவள் லைசென்ஸ் நான் வாங்கிக் கொடுக்கும் லைசென்ஸ் மாதிரி இல்லை. எங்கள் ஆட்கள் ஒருமுறை வாங்கினால் தொப்பையும் நரையும் வரும்வரை பர்ஸில் கிடக்கும். ஓட்டினாயா, மறந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. இவளுக்கு வருடாவருடம் உடம்பு சோதனை. மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிக்குத் தனிச் சோதனை, அதையும் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பறந்து காட்ட வேண்டும். பறக்காமலே வீட்டில் இருந்தால், கையில் லைசென்ஸ் இருக்கும், ஆனால் கொத்தமல்லிக் கட்டு மாதிரி நாளாக நாளாக வாடிக்கொண்டிருக்கும். வேலை இல்லாமல் எத்தனை மாதம் இருக்கிறாளோ, வேலைக்கு அத்தனை மாதம் தூரமாகிறாள். இதைக் கேட்ட அன்றுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அதற்கு முன்பு இருந்தது வெட்கம் மட்டும்தான்.

அவள் அறைச் சுவரில் ஒரு பெரிய காகிதம் ஒட்டியிருந்தாள். விமானத்தின் முன்னறை, அதன் எல்லா சுவிட்சுகளும் கருவிகளும் அச்சடித்த காகிதம். காலையில் குளித்துவிட்டு அதற்கு முன்னால் சாப்பாட்டு நாற்காலியைப் போட்டு உட்காருவாள். முதுகு நேராக. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கையை நீட்டித் தொடுவாள். எஞ்சின் கிளப்புவாள், தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்வாள், இறங்குவாள். நான் காபியோடு கதவருகே நின்று பார்ப்பேன். ஒரு நாள் கூட அவள் காகிதத்தைத் தவறாகத் தொட்டதில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் அந்தக் காகிதத்தின் மேல் மூலை டேப் உரிந்து மடங்கிக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அவள் ஒட்டவில்லை. நாற்காலி மேசைக்கே திரும்பியிருந்தது. எத்தனை செய்தி படித்தேன், எத்தனை கணக்குப் போட்டேன், எதுவும் என்னை அந்த மடங்கிய மூலை அளவுக்குப் பயமுறுத்தவில்லை. அவள் வெளியே போயிருந்தபோது நானே போய் ஒட்டினேன். கோணலாக ஒட்டிவிட்டேன்.

அந்த நாட்களில்தான் ஸ்கூலுக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். திருச்சிக்காரர், கம்மனஹள்ளியில் குடியிருந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. கார் ஓட்டக் கற்க வேண்டும் என்றார். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

"என்ன வேலை சார்?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர். முன்னாடி பைலட்."

நான் சிரித்துவிட்டேன். "ஏன் சார், பிளேன் ஓட்டத் தெரியும், கார் ஓட்டத் தெரியாதா?"

"எங்க மாஸ்டர் சான்ஸ் கிடைச்சது? வீட்டு வாசலுக்குக் கம்பெனி கேப் வந்துடும். பதிமூணு வருஷமா பின் சீட்ல தூங்கிட்டேதான் ஏர்ப்போர்ட் போனேன். இப்ப கம்பெனியும் இல்ல, கேப்பும் இல்ல."

விமானங்களை இறக்கி நிறுத்திவிட்டது என்று சொன்னேனே, அந்தக் கம்பெனியின் துணை விமானி அவர். 

ஓட்டுவதில் மனிதர் ரொம்ப மோசம். கண்ணாடி பார்ப்பது, சரிபார்ப்பது எல்லாம் பிரமாதம். கிளம்பும் முன் சீட், கண்ணாடி, கியர், கைப்பிரேக் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லித் தொட்டுப் பார்ப்பார். என் மகள் காகிதத்தைத் தொடுவது மாதிரியே. ஆனால் லிங்கராஜபுரம் மேம்பாலம் ஏறும்போது கிளச்சை விடத் தெரியாமல் மூன்று தடவை வண்டியை அணைத்தார். பின்னால் ஒரே ஹாரன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏன் குரு, மலகிதியா?" என்றார். தூங்குகிறாயா என்று கேட்கிறார் என்று மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எனக்குக் கன்னடம் புரியும் மாஸ்டர். முப்பதாயிரம் அடி மேல யாரும் இப்படித் திட்டினதில்ல, அதான் கஷ்டமா இருக்கு."

நாலாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. என்னை அறியாமல் கேட்டேன். சொந்த மகள் என்று சொல்ல வாய் வரவில்லை. சபைக்கு ஒரு பொய் சொன்னவனுக்கு இது இரண்டாவது பொய்.

"எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு, பைலட் லைசென்ஸ் வாங்கிட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு சார். இருநூறு மணி நேரம் பறந்திருக்கு. வேலை எப்ப கிடைக்கும்?"

அவர் கண்ணாடியைப் பார்த்து, இன்டிகேட்டர் போட்டு, பிறகு சொன்னார்.

"நான் ஆறாயிரம் மணி நேரம் பறந்தவன் மாஸ்டர். என்னோட சேந்து வெளிய வந்தவங்கள்ல கேப்டன்ஸே எத்தனையோ பேர். நாங்கல்லாம் ஒரே வரிசைலதான் நிக்கறோம். அந்தப் பொண்ணு எங்க பின்னாடி நிக்குது."

என் வலது கால் அழுந்தியது. இந்த முறை அடியில் உண்மையான பிரேக் இருந்தது. ஹென்னூர் ரோட்டின் நடுவில் கார் குத்திட்டு நின்றது. பின்னால் வந்த பைக் எங்கள் மேல் மோதாமல் போனது பெரிய புண்ணியம்.

"மாஸ்டர், நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே?"

"இல்ல சார். நான்தான்."

ஒரு காலை, ஹைவே பழக வேண்டும் என்று அவரே கேட்டு விமான நிலையச் சாலையில் ஓட்டினார். நேர்ச்சாலையில் மனிதர் அருமையாக ஓட்டினார். அவர் சுபாவத்துக்கு அதுதான் பொருந்துகிறது, வளைவும் ஆட்டோவும்தான் ஆகவில்லை. தேவனஹள்ளி பக்கம் வேலிக்கு அப்பால் விமானங்கள் தெரியும் ஓர் இடத்தில் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்றோம். தூரத்தில் சில விமானங்கள் வரிசையாக நின்றிருந்தன. ஓடுகிற விமானங்கள் அல்ல. சன்னல்களுக்கு வெள்ளித் தாள் ஒட்டி, எஞ்சின் வாய்களை மூடி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தியவை. இரண்டில் இறக்கைக்கு அடியில் எஞ்சின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஆர்.டி.ஓ. பிடித்து வைத்த வண்டிகள் நிற்கும் மைதானம் எனக்குப் பழக்கம். சக்கரம் இல்லாத கார்கள், செடி முளைத்த லாரிகள். அதைப் பார்த்துப் பயந்ததில்லை. இது அப்படி இல்லை. இவ்வளவு பெரிய வண்டியையே கட்டை வைத்து நிறுத்திவிட்டார்கள், நாம் எம்மாத்திரம் என்று தோன்றியது.

"அந்த மூணாவது இருக்கே," என்று அவர் கையை நீட்டினார். "வால்ல பெயின்ட் உரிச்சிருக்காங்க பாருங்க. அதுல நான் நிறைய பறந்திருக்கேன். ஏ.சி. சரியா வராது. அதைப் பத்தி எத்தனையோ தடவ எழுதிக் குடுத்தோம்."

வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்னதான் வழி சார்?" என்றேன்.

"பறக்கறத விட்டுடக் கூடாது மாஸ்டர். அதான் முக்கியம். ஃப்ளையிங் ஸ்கூல்ல கத்துக் குடுக்கப் போகலாம். இன்ஸ்ட்ரக்டர் ஆகத் தனியா ஒரு பயிற்சி, ஒரு பரீட்சை. மணி நேரம் ஏறும், லைசென்ஸ் வாடாது. ஆனா பாதிப் பேரு போக மாட்டாங்க. ஏதோ வெயில் ஊரு, சின்ன பிளேன், பக்கத்துல ஒண்ணும் தெரியாத ஸ்டூடன்ட்." என் பக்கம் திரும்பி, "அது உங்க பொண்ணுதானே மாஸ்டர்?" என்றார்.

சாவியை அவரிடமே கொடுத்து, கிளம்பலாம் என்றேன்.

இனி சொல்லப்போவதுதான் கவரில் எழுதிய பொய்யைவிடப் பெரிய தப்பு. அந்த யோசனையை நான் மகளிடம் சொல்லவே இல்லை.

ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் தெரியாதவர்களின் பக்கத்தில் இருபது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நிறுத்து என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். பயந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார், வண்டி டிவைடரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே எனக்குப் பிரேக் இருந்தது. ஓரம் கட்டித் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். ஆகாயத்தில் எங்கே ஓரம் கட்டுவது? என் மகள் அப்படி ஒருவரின் பக்கத்தில், சின்ன விமானத்தில், மேலே. நினைத்தாலே கால் தரைக்குள் போனது.

ஆகவே வாயை மூடிக்கொண்டு வங்கித் தேர்வு விண்ணப்பங்களைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தேன். அப்புறம் மெட்ரோ. அப்புறம், எனக்கே வெட்கமாக இருக்கிறது, மீன்வளத் துறை.

"மீன்வளத் துறையா?" என்றாள்.

"அதுலயும் ஏதோ போட் எல்லாம் இருக்கு."

"டாடி, பிரேக்ல இருந்து கால எடுங்க."

அந்தச் சமயத்தில் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க என்னிடம் இருந்த டிரெய்னர் வேலையை விட்டுப் போனார். மகள் தானே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்றாள். ஒருநாள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு டீச்சர் ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளத்தில் வண்டியை இறக்கினார், அணைத்தார், பதறினார். என் கால் பின் சீட்டின் அடியில் துளை போட்டுக்கொண்டிருந்தது. மகளின் கால்கள் பிரேக்கின் மேல் நிழல்போல இருந்தன, தொடவில்லை. "ஆன்ட்டி, ஒண்ணும் ஆகல. மொதல்ல மூச்சு விடுங்க. இப்ப சாவி," என்றாள். அவ்வளவுதான். டீச்சர் தானாகவே வண்டியைப் பள்ளத்திலிருந்து ஏற்றிவிட்டார். நான் கற்றுக்கொடுத்தால் பத்து நாள் ஆகும் விஷயம்.

அதைப் பார்த்தும் நான் அந்த யோசனையைச் சொல்லவில்லை.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் கொண்டுவரும் காய்கறி, பழம், கேக், உயிர்க்கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்து சர்ச் வளாகத்தில் ஏலம் போடுவார்கள். ஏலம் போடுகிறவர், வேறு யார், செயலர் அண்ணன்தான். பழம் வாங்குவது நோக்கம் இல்லை. சபைக்குப் பணம் கொடுப்பதுதான் நோக்கம். அதனால் யாரைக் கேலி செய்தால் அதிகம் கேட்பார் என்று அவருக்கு மனப்பாடம். அன்று காலையிலிருந்து நான் அவர் கண்ணில் படாமல் பந்தக்கால் பின்னால் நின்றேன். ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கினார்.

"எங்க நம்ம பைலட்டோட அப்பா? பந்தக்காலுக்குப் பின்னால யாரோ தெரியறாங்க! தூண விட உடம்பு பெருசா இருக்கே, மறையுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். முன்வரிசைக் கனடாக்காரர் என்னைவிட மேலே கேட்டார். நான் அதற்கு மேலே.

"பிளேன் மேல ஏறுது, ஏலமும் ஏறட்டும்! ஒரு தரம்..."

நான் இன்னும் மேலே போனேன். நிறுத்தினால் உண்மை தெரிந்துவிடும் போல ஒரு வெறி. என் கால் புல்தரையில் குழி பறித்துக்கொண்டிருந்தது. அப்போது கூட்டத்திலிருந்து மகள் போய் அவர் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினாள்.

"அங்கிள், ஒரு நிமிஷம். எங்க டாடி அவசரப்பட்டு ஸ்தோத்திரம் சொல்லிட்டார். எனக்கு வேலை கிடைக்கல. லிஸ்ட்லதான் பேர் இருக்கு, லிஸ்ட்டும் நிக்குது. பூசணிக்காய் எங்களுக்கு வேணாம், வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. கனடா அங்கிளுக்கே குடுத்துடுங்க."

மேடையில் கட்டியிருந்த கோழி மட்டும் கொக்கரித்தது. செயலர் அண்ணன் பூசணிக்காயைத் தூக்கியபடியே நின்றார். பிறகு கனடாக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"எம்பையனும் அங்க போய் எட்டு மாசமா சும்மாதான் இருக்கான், பாப்பா. நான் யார்கிட்டயும் சொல்லல."

பின்னால் ஒரு பெண் சொன்னார். "எங்க வீட்டுக்காரர ஐ.டி.ல தூக்கிட்டாங்க. டெய்லி லேப்டாப் பைய எடுத்துட்டுப் பார்க்குக்குப் போறார்." வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். பூசணிக்காயை யாரும் கேட்கவில்லை. செயலர் அண்ணன் அதை இறக்கி வைத்துவிட்டு, "சரி, இதை ஆளுக்கு ஒரு துண்டா வெட்டிக்கலாம்," என்றார். அப்படியே வெட்டினார்கள்.

நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். மகள் கையில் பூசணித் துண்டு. எங்கள் வீட்டுச் சந்தில் அவள் சொன்னாள், ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சிக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்ததாகவும், கிடைத்துவிட்டதாகவும், அடுத்த மாதம் போக வேண்டும் என்றும். ஸ்கூலுக்குக் கற்க வந்த அந்தத் துணை விமானியிடம் அவளே நேரே போய் விசாரித்திருக்கிறாள். காரில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதற்காகத்தான். தன்னால் பிரேக்கில் கால் வைக்காமல் இருக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த ஞாயிறே கவர் எழுதிட்டு வந்திருப்பீங்க."

அந்த யோசனையை அவர் என்னிடம்தான் முதலில் சொன்னார், நான் உன்னிடம் மறைத்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் தெரியும் என்றாள். அவர் சொல்லியிருந்தார்.

அவள் போனாள். பயிற்சி முடித்தாள், பரீட்சை எழுதினாள். அதன் பிறகு ஒருநாள் விமானக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது: காத்திருப்போர் பட்டியல் ரத்து செய்யப்படுகிறது. ஆயிரம் மன்னிப்புகளோடு. துணை விமானி மூன்றாவது முயற்சியில் டிரைவிங் டெஸ்டில் தேறினார், இன்னும் வேலை கிடைக்கவில்லை. கனடாக்காரர் மகன் திரும்பி வந்துவிட்டான்.

என் மகள் இப்போது மகாராஷ்டிராவில் ஒரு வெயில் ஊரில், இரண்டு பேர் உட்காரும் விமானத்தில், ஒன்றும் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கக் கற்றுக்கொடுக்கிறாள். எந்த விமானக் கம்பெனியும் அவளை அழைக்கவில்லை.